திருப்பி வாங்கிய மெத்தைகள்

பெட்டி கட்டி முடித்தாயா மகன்? கம்பளிச் சட்டையை அடியில் வைக்காதே, மேலே வை. ஜெனீவாவில் இறங்கியவுடனேயே குளிரும் என்று உன் அப்பா மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், என்னமோ அங்கே போய் வந்தவர் மாதிரி. அவர் போன தூரம் மடு மாதா கோயில் திருவிழா வரைக்கும்தான். போன ஞாயிற்றுக்கிழமை நீ பூசை முடிந்து வந்து, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் பதில் சொல்லாமல் உன் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டேன். நீயும் விட்டுவிட்டாய். நான் வாயை மூடிக்கொண்டு சோறு போட்டால் ஏதோ இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்தே உனக்குத் தெரியும். இருக்கத்தான் செய்தது. அதை நேரில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். இதன் ஒரு பிரதியை நம் பங்குப் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன், அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். ஊர் எல்லாம் வாசிக்கும் என்று பயப்படாதே. ஊருக்கு ஏற்கெனவே பாதி தெரியும்.

வாசிக்கிற மற்றவர்களுக்காக நீ கேட்டதை இங்கே எழுதிவைக்கிறேன். நெருப்புப் பிடிக்காமல் இருப்பதற்காக ஸ்பொஞ்சிலும் பிளாஸ்டிக்கிலும் கலந்த சில மருந்துகள் மனிதருக்கு ஆகாது என்று கண்டுபிடித்து, உலக நாடுகள் கூடி அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வருகின்றன. புதிதாகச் செய்வதை நிறுத்துவது ஒரு பக்கம். ஏற்கெனவே அந்த மருந்து கலந்து உலகம் பூராவும் கிடக்கிற பழைய பொருளை வெட்டி, ஒட்டி, மறுபடி விற்கலாமா கூடாதா என்பதில்தான் இழுபறி. கொஞ்ச காலத்துக்கு விற்கலாம் என்று ஒரு விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதை நீட்டாவிட்டால் சின்னக் கடைக்காரர்களின் வயிற்றில் அடி என்று சிலர் பேசுகிறார்களாம். ஜெனீவாக் கூட்டத்தில் நம் நாட்டுக்காகப் பேசப்போகிறவர்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்கிறவன் நீ. அதனால் என்னிடம் கேட்டாய்: "அம்மா, நீங்களும் சின்னக் கடைக்காரிதான. ஒங்களுக்கு அந்த விலக்கு வேணுமா, வேண்டாமா?"

உனக்கு நம் குஷன் கடையின் கதை தெரியும். அப்பா ரெக்சின் தைப்பார், நான் ஸ்பொஞ்ச் வெட்டுவேன். கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சு வாங்கி நிற்கிற த்ரீவீல்காரன் எவனாக இருந்தாலும் சீட்டைக் கழற்றி நம் வாசலில்தான் போடுவான். புது ஸ்பொஞ்ச் வாங்கிக் கட்டுப்படியாகாது. வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே உடைத்த பழைய வேன்களின் சீட்டுகளை ஒரு வியாபாரி லொறியில் கொண்டுவந்து இறக்குவார், அவற்றை உரித்துத்தான் நம் பிழைப்பு ஓடியது. அவர்தான் எனக்கு அந்த வித்தையைக் காட்டினார். ஒரு துண்டு மலிவு ஸ்பொஞ்சை லைட்டரில் காட்டினால் குபுக்கென்று பிடித்து, உருகிச் சொட்டும். வேன் சீட்டுத் துண்டைக் காட்டினால் கறுக்கும், அவ்வளவுதான், நெருப்பை எடுத்தவுடன் அணைந்துபோகும். அன்றிலிருந்து வருகிற ஆட்களுக்கெல்லாம் நானும் லைட்டரை எடுத்துக்கொண்டுபோய் அதைக் காட்டினேன். பஸ்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்கு லைட்டர் அக்கா என்று பெயர் வந்தது அப்படித்தான். சிங்கள ஆட்களும் அதே பெயரைச் சொன்னார்கள், மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை.

எனக்கு நெருப்பு என்றால் பயம் என்பதை உனக்கு நான் சரியாகச் சொன்னதில்லை. தேயிலைத் தோட்டத்தில், லயத்து ஒற்றை அறைக் காம்பிராவில் இருந்த காலத்தில், குப்பி லாம்பு சரிந்து உன் மாமாவின் பாய் பற்றிக்கொண்டது. அவர் கையில் இருக்கிற தழும்பு கொதிநீர் கொட்டியது என்று உனக்குச் சொல்லிவைத்திருந்தோம். பிள்ளை படுக்கிற இடத்தில் நெருப்பு வரக்கூடாது என்பது என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. அதனால்தான் பக்கத்தில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும், வேதக்காரர் வீட்டு ஞானஸ்நானமோ சைவக்காரர் வீட்டு முப்பத்தோராம் நாள் சடங்கோ, நான் ஒரு சின்ன மெத்தை செய்து கொண்டுபோய்க் கொடுப்பேன். அதற்கென்று நல்ல துண்டுகளாகப் பார்த்து எடுத்துவைப்பேன். நல்லது என்றால் எனக்கு என்ன அர்த்தம்? லைட்டருக்கு அசையாத துண்டு. ஒவ்வொன்றையும் சோதித்து, மிகவும் பிடிவாதமாக எரிய மறுத்ததைத் தேடி எடுத்துப் பிள்ளைகளுக்கு வைத்தேன் மகன். இதைவிடக் கவனமாக யாரும் பிழை செய்திருக்க முடியாது.

நீ போன வருடம் ஆய்வுக்கு வந்த நாளை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பும் வருகிறது, முகமும் சுடுகிறது. ஒஃபிஸ் வேனில் இருந்து நீயும், உன் மேடமும், இன்னும் ஒருத்தரும் இறங்கினீர்கள். நீ என்னை அம்மா என்று கூப்பிடாமல், கடை உரிமையாளர் யார் என்று சிங்களத்தில் கேட்டாய். வேலை நேரத்தில் உறவு காட்டக் கூடாது என்று உனக்கு எண்ணம். நான் உன்னைப் பார்த்து, காலையில் சாப்பிட்டாயா, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டேன். மேடம் சிரித்துவிட்டா. பிறகு நீ அந்தத் துப்பாக்கி மாதிரி மிஷினை எடுத்து ஸ்பொஞ்ச் கட்டுகள் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாய். கவர்ன்மென்ட்டில் இருந்து தரம் பார்க்க வந்திருக்கிறார்கள், மகன் வேறு கூட வந்திருக்கிறான், நம் சரக்கின் பெருமையைக் காட்டாமல் இருப்பதா என்று எனக்குக் கை துறுதுறுத்தது. லைட்டரை எடுத்தேன். மேடத்தின் கண்ணுக்கு முன்னால் துண்டைப் பிடித்து நெருப்பை வைத்து, பாருங்கள் நோனா, என்ன செய்தாலும் பற்றாது என்று காட்டினேன். ஒரு தரம் அல்ல, மூன்று தரம். மேடம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டா. நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். வெட்கப்படுகிறாய் என்று நினைத்தேன், பெருமையில்.

அன்று மாலை நீ தனியாகத் திரும்பி வந்து விளங்கப்படுத்தினாய். மிஷின் காட்டுவது அந்த நெருப்பு மருந்துகளில் கலக்கிற புரோமின் இருக்கிறதா என்று மட்டும்தான், எந்த மருந்து என்று லேப்தான் சொல்லும் என்றாய். ஆனால் பழைய வெளிநாட்டு ஸ்பொஞ்ச் நெருப்புக்கு அப்படி அசையாமல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்றாய். அந்த மருந்து ஸ்பொஞ்சுக்குள் அடங்கிக் கிடக்காது, தூசியோடு வெளியே வரும், தவழ்கிற பிள்ளையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகும், உடம்பில் தங்கும், தாய்ப்பாலில் கூட வரும், பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியது என்றெல்லாம் மெதுவாகச் சொன்னாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த ஸ்பொஞ்சுதான் உன்னைப் படிக்கவைத்தது, அந்தத் தூசியில் உருண்டுதான் நீ கெமிஸ்ட்ரி பட்டம் வாங்கினாய், உனக்கு எந்த மூளை குறைந்துபோனது என்று கத்தினேன். நீ சாப்பிட உட்காரும் முன் எழுந்துபோய்ச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கை கழுவினாய், எனக்கும் தண்ணீர் ஊற்றினாய். பிறகு கேட்டாய்: "அந்தச் சின்ன மெத்தைங்க எதுல செஞ்சீங்கம்மா?" புது ஸ்பொஞ்சில்தான் என்றேன். உன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன் மகன். நீ அதை நம்பிப் பெருமூச்சு விட்டாயே, அதுதான் என்னைக் குத்தியது.

லேப் முடிவு வந்துவிட்டது, அந்த மருந்து இருக்கிறது என்று நீ போனில் சொன்ன அன்றிலிருந்து ஒரு கிழமை நான் நானாக இல்லை. போய்ச் சொன்னால், லைட்டர் அக்கா நம் பிள்ளைகளுக்கு அடியில் என்னத்தை வைத்தாள் தெரியுமா என்று கடுகண்ணாவை முழுக்கப் பேசும். இத்தனை வருடம் சேர்த்த பெயர் போய்விடும். சொல்லாமல் இருந்தால் பிள்ளைகள் அதில் படுத்துக் கிடக்கும். எட்டாம் நாள் காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த மனுசன் ஒரு கடதாசியை எடுத்து எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு மெத்தை உறையின் மூலையிலும் அந்தந்தப் பிள்ளையின் பெயரின் முதல் எழுத்தை அவர்தானே தைத்தார், ஒன்றையும் மறக்கவில்லை. பத்தொன்பது பெயர். என் பிறந்தநாளை ஒரு வருடமும் ஞாபகம் வைக்காத ஆள். எழுதி முடித்துவிட்டு, மெத்தையை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு வர முடியாது, மாற்று மெத்தை செய்வோம் என்றார். அடியில் தேங்காய்த் தும்பை இறுக்கிவைத்து, மேலே மெல்லிசாக இலவம் பஞ்சு. இரண்டு பேரும் இருந்து தைத்தோம், மூக்கெல்லாம் பஞ்சு.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது நம் ஆட்களிடம் எவ்வளவு பெரிய அவமானம் என்பது உனக்குத் தெரியும். முதல் வீட்டு டீச்சர், நான் விசயத்தை ஆரம்பிக்கும் முன்பே அழத் தொடங்கிவிட்டா. போன கிறிஸ்மஸுக்குக் கேக் அனுப்பாததால் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறா. விளங்கப்படுத்த அரைமணி நேரம் ஆனது, அதற்குள் எனக்குக் கேக்கும் கிடைத்தது. இன்னொரு வீட்டில் மெத்தை நாய்க்குப் போயிருந்தது. அந்த நாய் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் நான் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அலவத்துகொடவில் நமக்கு உறைத்துணி தருகிற ஹாஜியார் வீட்டில், பேரன் மெத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். அவனுடைய உம்மா எவ்வளவோ கெஞ்சினா. நான் தரையில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புது மெத்தையில் ஒரு யானை தைத்துத் தருகிறேன் என்றேன். யானைக்குத் தந்தம் வேண்டும் என்றான். சரி என்றேன். இரண்டு தந்தம் வேண்டும் என்றான். வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை.

அம்பிட்டியவில் ரெஜினா வீட்டைப் பற்றித்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. நம் கோயிலில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்த பிள்ளை, கலியாணம் முடித்து அங்கே போனவள், உனக்குத் தெரியும். அவளுடைய மகனுக்கு மூன்று வயது, அப்போது ஒரு சொல் கூடப் பேசத் தொடங்கவில்லை. நான் சொன்னதையெல்லாம் அவள் நின்றுகொண்டே கேட்டாள். பையன் என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான். கடைசியில் கேட்டாள்: "அக்கா, இவன் பேசாம இருக்கிறது இதனாலயா?" இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. உன்னிடம் சொன்ன பொய் ஒன்று போதும் என்று அடக்கிக்கொண்டேன். "தெரியாது புள்ள. இல்லைன்னு சொல்லவும் எனக்குத் தெரியாது" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். நான் மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எழுந்து போகலாமா கூடாதா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணியோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. கிளினிக்குக்கு அவனைக் காட்டத்தான் இருந்தேன், பயந்துகொண்டு தள்ளிப்போட்டேன் என்றாள். அடுத்த கிழமை நானும் கூடப் போனேன். பிள்ளை பேசப் பிந்துவதற்கு எத்தனையோ காரணம் இருக்கிறது, எது என்று யாராலும் கையை வைத்துச் சொல்ல முடியாது என்று டொக்டர் சொன்னார், பயிற்சிக்கு நாள் குறித்துக் கொடுத்தார். இப்போது பையன் ஏழெட்டுச் சொல் பேசுகிறான். முதல் சொல் பஸ். அம்மா என்று வராமல் பஸ் என்று வந்ததில் ரெஜினாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல், எனக்கோ தலைகால் புரியாத சந்தோசம்.

அவன் பஸ் என்று சொன்னதற்குக் காரணம் நாங்கள்தான். அடுத்த சனிக்கிழமையில் இருந்து ரெஜினா என்னோடு சேர்ந்துகொண்டாள். இடம் மாறிப் போன குடும்பங்களின் விலாசம் அவளுக்குத்தான் தெரியும், அவள் மாமியார் கேட்காத ஊர் விசயம் இல்லை. இரண்டு பேரும் பையனையும் தூக்கிக்கொண்டு, போகும்போது புது மெத்தை, வரும்போது பொலித்தீனில் சுற்றிக் கட்டிய பழைய மெத்தை என்று கண்டி டவுனுக்கும் கடுகண்ணாவைக்கும் இடையில் ஓடாத ஓட்டமில்லை. ஒரு கண்டக்டர் மெத்தைக்கும் டிக்கட் எடு என்றான். நான் அப்படியானால் மெத்தைக்கு சீட் கொடு என்றேன். பஸ் முழுக்கச் சிரித்தது, அவனும் சிரித்தான், ஆனால் மெத்தைக்கும் டிக்கட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டான். என்ன ஏது என்று கேட்டவர்களுக்கு நானே கதையைச் சொன்னேன். பெயர் போகும் என்று ஒரு கிழமை தூங்காமல் இருந்தவள், பஸ்ஸில் நின்றுகொண்டு ஊருக்கே சொன்னேன். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது. இத்தனை வயதில் இப்படி ஒரு சந்தோசம் எனக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை மகன்.

பதினேழு மெத்தை வந்துவிட்டது, நாயுடையதையும் சேர்த்து. இரண்டு இன்னும் வரவில்லை. ஒரு குடும்பம் வவுனியாப் பக்கம் போனதாகக் கேள்வி, மற்றதன் தடயமே இல்லை. இந்தக் கடிதம் பத்திரிகைக்குப் போவது அவர்களுக்காகத்தான். மூலையில் ம என்றோ டி என்றோ தைத்த நீல உறை மெத்தை உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து பிள்ளையை அதில் படுக்கப்போடாதீர்கள், எரித்துவிடவும் வேண்டாம், கட்டி வைத்துவிட்டுச் சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன்.

கடையைப் பற்றியும் உள்ளதைச் சொல்கிறேன். பழைய ஸ்பொஞ்சை நிறுத்தியதில் வேலை குறைந்தது. புதுசுக்கு விலை கூட என்று த்ரீவீல்காரர்கள் முணுமுணுத்தார்கள், நாலைந்து பேர் மலைக்குக் கீழே வேறு கடைக்குப் போய்விட்டார்கள். தும்பு மெத்தைக்கு ஓடர் வருகிறது, ஆனால் அது முந்திய வியாபாரத்துக்கு ஈடாகாது. எங்கள் இரண்டு பேரின் வயிற்றுக்குப் போதும். பின் அறையில்தான் பிரச்சினை. மெத்தைகளும், மிச்சமிருந்த சீட்டு ஸ்பொஞ்சும் கூரை முட்ட அடைந்து கிடக்கிறது. எரித்தால் இன்னும் மோசமான புகை வரும், மகாவலியில் போடவும் கூடாது, குப்பை லொறியில் ஏற்றவும் கூடாது, வழி வரும்வரை ஸ்பொஞ்சைப் பூட்டிவைக்கச் சொன்னாய். மெத்தைகளையும் அதோடு சேர்த்துப் பூட்டிவைத்திருக்கிறோம். அப்பா மத்தியானம் சாய்கிற அறை அது. இப்போது மனுசன் தையல் மிஷினில் தலையை வைத்துத் தூங்குகிறார்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். எங்கள் பெயரைச் சொல்லி அந்த விலக்கைக் கேட்க வேண்டாம். சின்னக் கடைக்காரர்கள் பாவம் என்று அங்கே யாராவது எழுந்து பேசினால், ஒரு சின்னக் கடைக்காரியின் மகனாக அல்ல, அவள் கடையில் நடந்ததைத் தெரிந்தவனாகப் பதில் எழுதிக் கொடு. பாவம் பார்க்கிறவர்கள் புது ஸ்பொஞ்சை மலிவாகக் கொடுக்கட்டும், பழைய விசத்தை இன்னும் கொஞ்ச நாளைக்கு விற்க அனுமதி கொடுப்பது எங்களுக்குச் செய்கிற உதவி இல்லை. ரெஜினா கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, உன் மேடத்துக்கும் தெரியாது, அந்த டொக்டருக்கும் தெரியாது. இன்னொரு தாய் இன்னொரு கடைக்காரியிடம் அதைக் கேட்க வேண்டாம்.

ஆனால் நான் அத்தோடு விடமாட்டேன். என் பின் அறையில் கிடப்பதை நான் செய்யவில்லை. செய்தவர்கள் தங்கள் நாட்டில் வேண்டாம் என்று ஒதுக்கிப் போட்டது, நல்ல சாமான் என்ற பெயரில் கப்பல் ஏறி இங்கே வந்தது. இந்த மாதிரி அறை எங்கள் கடையில் மட்டுமா இருக்கிறது? இதை யார் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள் என்று கேட்டு எழுது, குறிப்பில் கடைசியில் இல்லை, முதலில் எழுது. செலவு, தூரம், சட்டம், கஷ்டம் என்று அவர்கள் நூறு சொல்வார்கள். சொல்லட்டும். தான் கொடுத்தது பிழையென்று தெரிந்ததும், கடுகண்ணாவையில் ஒரு பொம்பளை மெத்தைக்கும் டிக்கட் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய் வீடு வீடாகத் திருப்பி வாங்கினாள் என்று சொல்லு. அவர்களிடம் கப்பலே இருக்கிறதே, அவர்களால் ஏன் திருப்பி வாங்க முடியாது என்று கேள்.